பள்ளி திறக்குமுன் வீட்டு வாசலில்

சித்திரை, வைகாசி மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கிராமங்களுக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கையில் நோட்டீஸ் கட்டு, தோளில் ஒரு பை, தலைக்கு மேல் குடை. இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து சர்க்கார் பள்ளி உபாத்தியாயர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். தேர்தல் சமயம் என்று எண்ணிக் கொண்டு, “எந்தக் கட்சிங்க?” என்று கேட்கிற கிழவர்களும் உண்டு. கட்சி எதுவும் இல்லை. பிள்ளை கேட்டு வந்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதத்தில். ஆனால் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை 2024-லும் 2025-லும் மார்ச் முதல் தேதியே தொடங்கி விட்டது. ஊர்வலம், பானர், மேளம் எல்லாம் உண்டு. சில ஊர்களில் பெற்றோர்களே தட்டு வரிசை எடுத்து வந்து, பெஞ்சு, மின்விசிறி, குடிநீர்ப் பானை, நோட்டுப் புத்தகம் என்று “கல்விச் சீர்” செய்கிறார்கள். பெண்ணுக்குச் சீர் செய்கிற ஊர் பள்ளிக்கூடத்துக்கும் சீர் செய்வது மனத்துக்கு இதமான விஷயம். ஆயினும் நாம் இன்று பேச விரும்புவது மேளச் சத்தம் ஓய்ந்த பிறகு நடக்கிற, அல்லது நடக்க வேண்டிய, ஒரு சிறு காரியத்தைப் பற்றி. உபாத்தியாயர் ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டாருடன் கால் மணி நேரம் பேசுவதைப் பற்றி.

இந்த இரண்டு ஜில்லாக்களுக்கும் இன்று தலை நிமிர்ந்து பேச ஒரு பெருமை இருக்கிறது. 2022-ல் பிளஸ் டூ பரீட்சையில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது பெரம்பலூர், 97.95 சதவிகிதம். 2023-ல் பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூரே முதல், 97.67 சதவிகிதம். 2024-ல் பத்தாம் வகுப்பில் முதலிடம் அரியலூருக்கு, 97.31 சதவிகிதம். 2025-ல் பிளஸ் டூவில் மறுபடியும் அரியலூர், 98.82 சதவிகிதம். சென்னையும் கோயமுத்தூரும் பின்னே நிற்க, திருச்சி ஜில்லாவின் வறண்ட மூலை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட சீமை முன்னே நிற்கிறது. 1995-ல்தான் பெரம்பலூர் தனி ஜில்லா ஆயிற்று. அரியலூரோ 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் திரும்பவும் பிரிந்தது. எல்லைக் கல்லை இப்படி நட்டுப் பிடுங்கிய காலத்திலும் பள்ளி உபாத்தியாயர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள் என்பதற்கு இந்த எண்களே சாட்சி. அவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் சதவிகிதம் என்பது பரீட்சை எழுதியவர்களைப் பற்றிய கணக்கு. நூறு பேர் எழுதினால் எத்தனை பேர் தேறினார்கள் என்று அது சொல்லும். எழுத வராதவர்களைப் பற்றி அது வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எட்டாம் வகுப்பு முடித்து அண்ணனோடு திருப்பூர் போனவன், இவர்கள் எந்தச் சதவிகிதத்திலும் இல்லை. பத்தாம் வகுப்பு வாசலில் நின்று பார்த்தால் இவர்கள் தெரிய மாட்டார்கள். வீட்டு வாசலில் நின்று பார்த்தால்தான் தெரிவார்கள்.

எப்போது நழுவுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வகுப்பு நடக்கும்போது ஒரு பிள்ளை பத்து நாள் வராவிட்டால், யாராவது ஒருவர் கேட்பார். ஆனால் ஏப்ரல் கடைசிக்கும் ஜூன் முதலுக்கும் இடையே கேட்பார் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் கதையைப் பாருங்கள். உள்ளூர் ஆரம்பப் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பி விட்டது. அடுத்த ஊர் நடுநிலைப் பள்ளியில் இன்னும் சேரவில்லை. இந்த இரண்டு மாதம் அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை? பழைய வாத்தியார், “நம் கணக்கு முடிந்தது” என்று இருப்பார். புது வாத்தியாருக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. சர்க்காரின் கம்ப்யூட்டர் பதிவில் இப்படிப்பட்டவர்களைப் “பொதுத் தொகுப்பு” என்ற ஒரு தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். சேருகிற பள்ளி அதிலிருந்து எடுத்துக் கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொட்டியில் கிடக்கிற பெயருக்கு வீடு எங்கே, அப்பன் யார், ஏன் இன்னும் சேரவில்லை என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் போய்க் கேட்டு வராது. மனுஷர்தான் போக வேண்டும்.

இந்தச் சீமையின் வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு இதன் அவசியம் விளங்கும். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண். மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும். அறுவடை முடிந்தால் கோடையில் நிலத்தில் வேலை இல்லை. கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் சின்ன வெங்காயம் போடுவார்கள். இல்லாதவர்கள் வெளியூர் போவார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் லாரியும். ஆண்டிமடம், செந்துறை, ஜயங்கொண்டம் வட்டாரங்களில் முந்திரி. முந்திரி பொறுக்கும் காலமும் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. விடியற்காலையில் குடும்பமே தோப்புக்குப் போய்விடும், பிள்ளைகளும்தான். காலை பத்து மணிக்கு நோட்டீஸோடு வருகிற வாத்தியார் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். கதவிடுக்கில் நோட்டீஸைச் செருகி விட்டு, “வீடு பார்த்தாயிற்று” என்று குறித்துக் கொள்வார்.

அந்த நோட்டீஸை யார் படிப்பது? 2011-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்குப்படி மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். பெரம்பலூரில் 74 பேர். அரியலூரில் 71 பேர். இன்று அந்த எண் உயர்ந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பாலும் யார்? பிள்ளைகளை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிற அப்பாயிகளும் அம்மாயிகளும்! பளபளப்பான காகிதத்தில் நாலு வர்ணத்தில் அச்சடித்த நோட்டீஸ் அவர்களுக்கு மிளகாய் வற்றல் மடிக்கத்தான் உதவும். அவர்களுக்கு வேண்டியது ஒரு வாய்ச்சொல்.

பாட்டி வளர்க்கிற வீடுகள் இந்தப் பக்கம் கொஞ்சமல்ல. தகப்பன் வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். அல்லது தாயும் தகப்பனுமாகத் திருப்பூரிலோ சென்னையிலோ கூலி வேலை செய்வார்கள். பள்ளிப் பதிவேட்டில் போன் நம்பர் ஒன்று இருக்கும். அது தகப்பன் நம்பர். பையன் இன்று பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தி துபாய்க்குப் போகும். அங்கே பாலைவனத்தில் கம்பி கட்டிக் கொண்டிருப்பவன் அதைப் பார்த்து என்ன செய்வான்? இரவு பேசும்போது அதட்டுவான். மறுநாளும் பையன் ஏரிக்கரையில்தான் இருப்பான். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் உபாத்தியாயர் நேர்த்தியாகப் போடுகிற அறிவிப்புகளும் இதே கதிதான். வீட்டுக்குப் போய், “பாட்டி, உங்ககிட்டே எந்த போன் இருக்கு? அடுத்த வீட்டிலே யார் போனைக் கேட்டால் உங்களைக் கூப்பிடுவாங்க?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒரு வருஷத் தொல்லை தீர்ந்தது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா நடப்பது என்று கேட்கலாம். கல்வியில் சின்ன விஷயம் என்று எதைச் சொல்வது? மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இடக் கண் மங்கல். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, “கவனம் இல்லாதவன்” என்று ஆறு மாதம் திட்டுவார்கள். ஒரு பெண் வயதுக்கு வந்து விட்டாள். பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தாய் அனுப்பத் தயங்குகிறாள். அதைத் தலைமை உபாத்தியாயரிடம் போய் அவள் சொல்ல மாட்டாள். திண்ணைக்கு வந்த டீச்சரிடம், மற்றவர்கள் அந்தப் பக்கம் போனதும், குரலைத் தாழ்த்திச் சொல்வாள். அந்த டீச்சர் மே மாதத்தில் தெரிந்து கொண்டால் ஜூன் மாதத்துக்குள் ஒரு தாழ்ப்பாள் போட்டு விடலாம். ஆகஸ்டில் தெரிந்தால், அதற்குள் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

பிள்ளை பிடிக்கப் போவது வேறு. குடும்பத்தைத் தெரிந்து கொள்ளப் போவது வேறு. இன்று முதலாவதே அதிகம் நடக்கிறது. காரணமும் தெரிந்ததுதான். மஞ்சள் வர்ண வேன் தெருமுனைக்கே வந்து எல்.கே.ஜி. பிள்ளையை ஏற்றிக் கொண்டு போகிறது. சர்க்கார் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால் உபாத்தியாயர் இடம் போய்விடும். இன்னும் குறைந்தால் பள்ளிக்கே ஆபத்து. ஆகவே உபாத்தியாயர் பயத்தோடு வாசல் ஏறுகிறார். பயந்தவன் பேச்சில் பொருள் விற்கிறவன் குரல் வந்து விடும். காலைச் சிற்றுண்டி உண்டு, சீருடை உண்டு, புத்தகம் உண்டு, பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் உண்டு, வைத்தியப் படிப்பில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகிதம் இட ஒதுக்கீடு உண்டு என்று அடுக்குவார். எல்லாம் உண்மைதான். சோறும் உடையும் பள்ளியை நிரப்பும் என்பதைக் காமராஜர் 1956-ல் மதிய உணவு தொடங்கிய நாளிலிருந்தே நாடு கண்டிருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022-ல் காலை உணவும் வந்தது. சொல்ல வேண்டியவைதான். ஆனால் சொல்லி முடித்ததும் எழுந்து விடக் கூடாது. பிறகு கேட்கவும் வேண்டும்.

சேர்க்கை முடிந்து போட்டோ எடுத்துக் கொண்டு போகிறவரைப் பெற்றோர்கள் அடையாளம் கண்டு கொள்வார்கள். முந்திய வருஷம் வந்து, பிள்ளை சேர்ந்த பிறகு ஒரு முறையும் எட்டிப் பாராதவரை இந்த வருஷம் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புவார்கள். கிராமத்தார் மரியாதைக்காரர்கள், மறதிக்காரர்கள் அல்லர்.

இன்னொரு விஷயத்தையும் மழுப்பாமல் சொல்லி விட வேண்டும். நம் கிராமங்களில் ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் இரண்டு இருக்கின்றன. ஊர்த்தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடிக்கிற சிலர், காலனிக்குப் போனால் தெருமுனையில் நின்றபடி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இது எங்கும் நடப்பதாகச் சொல்லவில்லை. நடக்கிற இடத்தில் அது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வாத்தியார் நாளைக்கு வகுப்பில் தன்னைப் பார்த்து என்ன நினைப்பார் என்று எட்டு வயதிலேயே அது கணக்குப் போட்டு விடும். அதே வாத்தியார் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தால், அதன் பிறகு நோட்டீஸே வேண்டியதில்லை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இந்தப் பிரச்னை இல்லை. ஊரிலேயே இருந்தார். அறுவடையில் நெல்லோ கம்போ அளந்து வாங்கினார். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் பட்டினி என்பது அவருக்குத் தெரியும். பிரம்பும் அவர் கையில் இருந்தது. எல்லார் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடமும் இல்லை. ஆகையால் அந்தக் காலத்தை நினைத்து ஏங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. அரியலூர் ஜில்லாவில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் பரமார்த்த குரு என்று ஒரு அசட்டுக் குருவைப் படைத்தாரே, அந்தக் குருவுக்கும் சீடர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியும் என்ற ஒன்றையாவது ஒப்புக் கொள்ளலாம்! இன்றைய உபாத்தியாயர் பெரம்பலூரிலோ திருச்சியிலோ குடியிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். படிப்பு அதிகம், பயிற்சி அதிகம்; ஊர்தான் தெரியாது. அது அவர் குற்றம் அல்ல. ஆனால் தெரிந்து கொள்ள வழி செய்தாக வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இலாகா டைரக்டராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று ஜனங்கள் கொடுத்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்டது யார்? பெரும்பாலும் அந்தந்த ஊர் உபாத்தியாயர்கள்தான். கொடுத்தவன் தன் பிள்ளையை அனுப்பாமல் இருப்பானா? இன்றைய கல்விச் சீருக்கும் அதுவே வேர்.

வெளிநாடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஜப்பானில் ஏப்ரலில் பள்ளி ஆண்டு தொடங்கும். தொடங்கிய சில வாரங்களுக்குள் வகுப்பு உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்ப் பத்துப் பதினைந்து நிமிஷம் பேசி வருவது நீண்ட நாள் வழக்கம். வேலைப் பளுவாலும், வீட்டுக்குள் பிறர் வருவதைச் சிலர் விரும்பாததாலும் இப்போது பல பள்ளிகள் அதைக் குறைத்து விட்டன. அமெரிக்காவிலோ இது பின்னால் முளைத்தது. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகரத்தில் 1998-ல் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் சேர்ந்து வீட்டுச் சந்திப்புத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அதன் விதிகள் நமக்கும் பொருந்தும். தனியாகப் போவதில்லை, இருவராகப் போவது. கட்டாயம் இல்லை. போகிற உபாத்தியாயருக்குப் பயிற்சியும் ஊதியமும் உண்டு. மோசமான பிள்ளை வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும். முதல் சந்திப்பில் குற்றம் குறை பேசக் கூடாது. உங்கள் பிள்ளையைப் பற்றி உங்கள் ஆசை என்ன என்று கேட்க வேண்டும்.

இந்தக் கடைசி விதி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரில் வாத்தியார் வீட்டுக்கு வருகிறார் என்றால் பையன் ஏதோ செய்து விட்டான் என்றுதான் அர்த்தம். தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக் கொண்டு, “என்னங்க சார் பண்ணிட்டான்?” என்பாள். ஒன்றும் பண்ணவில்லை, அடுத்த வருஷம் என் வகுப்புக்கு வருகிறான், பார்க்க வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டில் அன்று இரவு வரை அதே பேச்சாக இருக்கும்.

இதற்கெல்லாம் உபாத்தியாயருக்கு நேரம் ஏது? கேள்வி நியாயமானது. வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, பயிற்சி, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று ஏற்கெனவே சுமை அதிகம். கோடை விடுமுறையையும் பிடுங்கிக் கொண்டு சேவை செய் என்று உபதேசிப்பது சுலபம். நாம் அதைச் செய்ய மாட்டோம். வீட்டுச் சந்திப்புக்குச் செலவாகும் நாட்களை வேலை நாட்களாகக் கணக்கிட்டு ஈடு விடுப்புக் கொடுக்க வேண்டும். பஸ் கட்டணம் கொடுக்க வேண்டும். பெண் உபாத்தியாயர்களைத் தனியே அனுப்பக் கூடாது. சந்திப்புக்கென்று புதிதாக ஒரு படிவம் அச்சடிக்கவே கூடாது. படிவம் வந்தால் பேச்சு போய்விடும்.

ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தனி ஏற்பாடு அவசியம். விட்டு வருகிற பள்ளியின் உபாத்தியாயர் ஒருவரும் சேரப் போகிற பள்ளியின் உபாத்தியாயர் ஒருவரும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டும். தெரிந்த முகம் தெரியாத முகத்தை அறிமுகம் செய்து வைக்கட்டும். கல்யாணத்தில் பெண்ணைக் கை மாற்றித் தருவது போல இதுவும் கை மாற்றம்தான். ஒரு ஒன்றியத்தில் இப்படி நழுவக் கூடிய பிள்ளைகளின் பட்டியல் ஏப்ரல் கடைசியிலேயே தலைமை உபாத்தியாயர்கள் கையில் இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

துணைக்கு ஆளும் உண்டு. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவர்கள் வேலை முடிந்து விடுகிறது. தெரு தெருவாக எந்த வீட்டில் எந்த நேரம் ஆள் இருக்கும் என்று அவர்களைப் போல் சொல்லக் கூடியவர்கள் யார்? 2021-ல், கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த பிறகு, “இல்லம் தேடிக் கல்வி” என்று தொடங்கியபோது அந்தந்தத் தெருப் பெண்களே மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி உடன் வந்தால் நாயும் குரைக்காது, கதவும் திறக்கும்.

நேரத்தைப் பொறுத்த வரை ஊருக்கு ஊர் மாறும். வெங்காயக் காட்டு வேலை நடக்கிற ஊரில் மாலை ஆறரை மணிக்கு மேல்தான் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். சிமெண்டு ஆலைக்கு ஷிப்டு போகிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை. சிறுவாச்சூர்ப் பக்கம் திங்களும் வெள்ளியும் வேண்டாம். மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது அந்த இரண்டு நாட்களில்தான், அக்கம்பக்கம் எல்லாம் அங்கே இருக்கும். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் வீட்டுக்கே போக வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு முந்திரித் தோப்புக்குள் நடந்தால் தாய், தகப்பன், பாட்டி, பிள்ளை நால்வரையும் ஒரே மர நிழலில் பார்க்கலாம். கொட்டை பொறுக்கிக் கொண்டே பேசுவார்கள்.